மணிக் கணக்கில் ஒரு கல்வி: அமெரிக்க ‘மாஸ்டர் கார்டனர்’ திட்டம் உருவான வரலாறு

பல்கலைக்கழகத்திடம் தோட்டக்கலைப் பயிற்சி பெற்று, அதற்கு ஈடாக ஊர்க்காரர்களுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களை அமெரிக்காவில் ‘மாஸ்டர் கார்டனர்’ என்கிறார்கள். இன்று அவர்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். தொகை 80,000-ஐத் தாண்டும். இத்திட்டத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக 1970-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநில அலுவலகம் ஒன்றில் ஓயாமல் அடித்த தொலைபேசியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அந்தக் கதை மெய்தான். ஆனால் அங்கே ஆரம்பித்தால், ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கிடைத்த மலிவான வழியாக மட்டுமே தன்னார்வலர் தென்படுவார். வீட்டுத் தோட்டக்காரர் தன் சந்தேகத்தைக் கேட்க ஒரு வேளாண் அலுவலகத்தை ஏன் கூப்பிட்டார், அவருக்குப் பதில் சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது என்ற இரண்டையும் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

முதல் கேள்விக்கு விடை 1862-இல் இருக்கிறது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், வேளாண்மையும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு அரசு நிலத்தை வழங்கியது. 1887-இன் ஹாட்ச் சட்டம் அவற்றோடு ஆராய்ச்சி நிலையங்களை இணைத்தது. 1890-இல் வந்த இரண்டாவது மோரில் சட்டத்தால் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. ஆராய்ச்சி பெருகியது; அறிக்கைகள் அச்சாயின; உழவர்கள் அவற்றைப் படிக்கவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பியவர்களில் சீமன் நாப் முக்கியமானவர். 1903-இல் டெக்சாஸின் டெரல் ஊரில், வால்டர் போர்ட்டர் என்ற உழவரின் சொந்த நிலத்திலேயே புதிய முறைகளைச் செய்துகாட்ட ஏற்பாடு செய்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட உள்ளூர் வணிகர்கள் பணம் ஒதுக்கி உறுதி தந்தார்கள். நட்டம் வரவில்லை. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு டெக்சாஸில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அரசுப் பண்ணையில் அதிகாரி விளைவித்துக் காட்டியதை நம்பாத உழவர், பக்கத்து நிலத்துக்காரர் விளைவித்ததை வேலியோரம் நின்று பார்த்தே நம்பினார். 1906-இல் கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி கல்வி நிலையத்திலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த ‘ஜெசப் வண்டி’ கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக்கொண்டு கறுப்பின உழவர்களின் வாசலுக்கே போனது. 1910-இல் தென் கரோலைனாவின் எய்க்கன் பகுதியில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பள்ளிச் சிறுமிகளைச் சேர்த்துத் தக்காளி வளர்ப்புச் சங்கம் தொடங்கினார். இம்முயற்சிகளையெல்லாம் 1914-இன் ஸ்மித்-லீவர் சட்டம் ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவந்தது. மத்திய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், கவுண்டி எனப்படும் உள்ளூராட்சி ஆகிய மூன்றும் செலவைப் பகிர, கவுண்டிதோறும் ஒரு விரிவாக்க அலுவலர் அமர்த்தப்பட்டார். தென்மாநிலங்களில் இந்தப் பணத்தின் பெரும்பகுதி வெள்ளையர் கல்லூரிகளுக்கே போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, அறிவைப் பரப்பும் பொறுப்பு சட்டப்படி அலுவலருடையது. பரவியதோ அண்டை வீட்டாரின் வழியாக. தன்னார்வலரின் விதை இந்த இரட்டைத்தன்மையில்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

இரண்டாம் உலகப் போரின்போது சுமார் 2 கோடி ‘வெற்றித் தோட்டங்கள்’ போடப்பட்டன. 1943-44 வாக்கில் நாட்டின் காய்கறியில் ஏறத்தாழ 40 விழுக்காடு அவற்றிலிருந்து கிடைத்ததாக மதிப்பிடப்பட்டது. போர் முடிந்ததும் பலர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். ஆனால் நகரங்களைச் சுற்றிப் புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. வீட்டுக்கு முன்னால் புல்தரை, பின்னால் நாலு தக்காளிச் செடி, வேலியோரம் ரோடோடென்ட்ரான். பண்ணைகள் குறைந்துகொண்டே வர, அலுவலரைக் கூப்பிட்டவர் உழவராக இல்லாமல் வீட்டுக்காரராக மாறிப்போனார். சட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ, அவர் மெல்ல மறைந்துகொண்டிருந்தார்.

இந்த மாற்றத்தின் பாரம் முழுதும் சியாட்டில், டகோமா நகரங்களை உள்ளடக்கிய கிங், பியர்ஸ் கவுண்டிகளில் வந்து விழுந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலர் டேவிட் கிப்பி வீட்டுத் தோட்டக் கேள்விகளில் மூழ்கிப்போனார். ஊடகங்கள் வழியே பதில் சொன்னால் அழைப்பு குறையும் என்று எதிர்பார்த்தார்கள். கூடியது. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தவர் தன் செடிக்கும் அதுதானா என்று கேட்கக் கூப்பிட்டார். வணிகப் பயிர்களைக் கவனித்துவந்த பில் ஷீரும் கிப்பியும் சேர்ந்து, ஊராரிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்துப் பதில் சொல்ல வைக்கலாம் என்று முன்வைத்தார்கள். பல்கலைக்கழக வல்லுநர்கள் எதிர்த்தார்கள். பட்டம் படிக்காதவர் பல்கலைக்கழகத்தின் பெயரால் தவறான யோசனை சொன்னால் யார் பொறுப்பு? அந்தக் காலத்தை எண்ணிப் பார்த்தால் இதை வெறும் அதிகாரப் பற்று என்று தள்ளிவிட முடியாது. 1972-ஆம் ஆண்டில்தான் டிடிடி தடை செய்யப்பட்டது. பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதே ஆண்டு இறுக்கப்பட்டது. தவறான ஒரு சொல், தவறான ஒரு புட்டியைத் தெளிக்க வைத்துவிடக்கூடும்.

எதிர்ப்பைக் கரைத்தது வாதம் அல்ல, சோதனை. ‘சன்செட்’ இதழில் இந்த யோசனை பற்றிச் செய்தி வந்ததும் ஆர்வம் காட்டிப் பலர் முன்வந்தார்கள். 1972-இல் டகோமா மாலில் மேசை போட்டு நடத்திய முன்னோட்ட ஆலோசனை முகாமில் கூட்டம் அலைமோதியது. பயிர் நோயியல் வல்லுநர் ஆர்லன் டேவிசன் போன்றோர் துணைநிற்க, 1973-இல் இரு கவுண்டிகளிலும் முறையான பயிற்சி தொடங்கியது. கிப்பியும் ஷீரும் ஜெர்மனியை அறிந்தவர்கள். அங்கே தோட்டத் தொழிலில் தேறியவர்கள் பெறும் பட்டத்தைத் தழுவித்தான் திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். ஜெர்மனியில் அந்தப் பட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் தொழில் பழக வேண்டும். இங்கே சில வாரங்கள் போதும். பெயரில் கொஞ்சம் தாராளம்தான்.

முகாம் மேசையில் நடப்பதைப் பார்த்தால் பயிற்சியின் சாரம் விளங்கும். ஒருவர் பிளாஸ்டிக் பையில் ஒரு தக்காளியைக் கொண்டுவருகிறார். அடிப்பாகம் கறுத்து, தோல்போல் அமுங்கியிருக்கிறது. பூசணம் என்று நினைத்து மருந்து கேட்கிறார். தன்னார்வலர் உடனே பதில் சொல்லக் கூடாது. முதல் காய்களில் மட்டும்தானா, தொட்டியா தரையா, தண்ணீர் எப்படி ஊற்றுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவதாகத் தெரிந்தால் விடை கிட்டிவிட்டது: இது நோயே இல்லை, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகப் போய்ச் சேராத குறை. தண்ணீரை ஒழுங்குபடுத்தினால் அடுத்த காய்கள் தப்பும். ரோடோடென்ட்ரான் இலையோரம் யாரோ கத்தரித்ததுபோல் வெட்டுப்பட்டிருந்தால் அது இரவில் வரும் கூன்வண்டின் வேலை. பகலில் தேடியவருக்கு அது அகப்பட்டிருக்காது. இலையுதிர் காலத்தில் சீடர் மரத்தின் உட்பக்கக் கிளையிலைகள் பழுத்து உதிர்வதைக் கண்டு மரம் சாகிறது என்று பதறி வருபவரிடம், அது ஆண்டுதோறும் நடப்பது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்ப வேண்டும். புட்டி விற்கும் கடைக்காரரிடமிருந்து ‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்ற விடையை எதிர்பார்ப்பது கடினம். விற்க ஏதும் இல்லாத ஒருவரின் சொல்லுக்கு மதிப்பு அங்கேதான் பிறந்தது.

வல்லுநர்களின் அச்சம் திட்டத்தின் விதிகளாக உறைந்துபோயிருப்பதை இன்றும் காணலாம். கலிபோர்னியாவில் பயிற்சி முடித்தவர் முதல் ஆண்டில் 50 மணி நேரம் உழைப்பைத் தர வேண்டும். பிறகு ஆண்டுதோறும் 25 மணி நேர உழைப்பும் 12 மணி நேரத் தொடர்கல்வியும் தகுதியைத் தக்கவைக்கும். பட்டத்தைச் சொந்தத் தொழிலுக்கு விளம்பரமாக்கக் கூடாது. ஆராய்ச்சி ஆதாரம் உள்ள பரிந்துரையை மட்டுமே சொல்ல வேண்டும். பாட்டி சொன்ன வைத்தியம் பலித்திருந்தாலும் மேசையில் அதற்கு இடமில்லை. இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஊராரின் நம்பிக்கைக்கு உரியவர் என்பதற்காகவே அவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். தேர்வான பிறகு தம் சொந்த அனுபவத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட் போன்றோர் தோட்டக்கலைக் கட்டுக்கதைகளை ஆராய்ந்து மறுத்து எழுதியிருப்பதைப் படிக்கும்போது இந்தக் கண்டிப்பின் பயனும் புரிகிறது.

திட்டம் வேகமாகவே பரவியது. 1976-இல் ஒரிகன், 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியா, பிறகு கனடா. பிரிட்டனிலும் இதே பெயரில் காய்கறி வளர்ப்புக்கான தன்னார்வலர் திட்டம் வந்தது. சியாட்டிலில் மட்கு உரம் தயாரிக்கக் கற்பிக்கும் ‘மாஸ்டர் கம்போஸ்டர்’ என்ற கிளையும் முளைத்தது. பரவிய இடமெல்லாம் ஒரு குறையும் கூடவே போனது. வார நாட்களில் பகல் வகுப்புக்கு வந்து, மணிக் கணக்கில் இலவசமாக உழைக்க யாரால் முடியும்? தன்னார்வலரில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற, படித்த, வெள்ளையினப் பெண்கள் என்றே கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மாலை வகுப்பு, இணையவழி வகுப்பு, கட்டணச் சலுகை என்று பல மாநிலங்கள் இதைச் சரிசெய்யப் பார்க்கின்றன. மணிக் கணக்கு இருக்கும்வரை முழுதும் சரியாகுமா என்பது எனக்கு ஐயமே.

இதே வேரின் இன்னொரு கிளை நம் பக்கமும் வந்தது. அமெரிக்க நிலமானியக் கல்லூரிகளை முன்மாதிரியாகக் கொண்டு 1960-இல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் அமைந்தது. 1971-இல் கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் அதன் பொறுப்பில் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் முதல் தன்னார்வலர் அணி பயிற்சி பெற்றதற்கு மறு ஆண்டு அது. இங்கே கவனம் உழவர்மீது. சொல்பவர் சம்பளம் வாங்கும் வல்லுநர். நம் சூழலுக்கு அது பொருத்தமான தேர்வே. பிற்பாடு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டம் பெருகியபோது பல்கலைக்கழகம் நகரத்தாருக்கும் வகுப்பு எடுக்கத் தொடங்கியது. கிண்டியில் உள்ள அதன் பயிற்சி மையத்தில் மாடித் தோட்டப் பயிற்சி நடக்கிறது. பணம் கட்டிக் கற்றவர் தம் மாடிக்குத் திரும்பிப் போகிறார். கற்றதற்கு ஈடாக அடுத்த தெருக்காரருக்கு இத்தனை மணி நேரம் சொல்லித்தர வேண்டும் என்ற ஒப்பந்தம் அந்தக் கட்டணச் சீட்டில் இல்லை.