பேட்மேனுக்கே 'சீனியர்' இவர்தான்! காமிக்ஸில் மீண்டும் மீண்டும் உயிர்பெறும் 'தி ஷேடோ' யார்?

கறுப்பு அங்கி, முகத்தை மறைக்கும் தொப்பி, இருட்டில் கேட்கும் சிரிப்பு. பேட்மேன் பிறப்பதற்கு 8 ஆண்டுகள் முன்பே அமெரிக்கக் கதைகளில் ரவுடிகளை அலறவிட்டவர் 'தி ஷேடோ'.

யார் இந்த ஷேடோ?

1930-ல் வானொலியில் கதை சொல்லும் குரலாக அறிமுகமானவர். அடுத்த ஆண்டே இவர் பெயரில் தனி இதழ் வந்தது. மலிவான மரக்கூழ் தாளில் அச்சடித்ததால் இவ்வகை இதழ்களுக்கு 'பல்ப்' என்று பெயர். மொத்தம் 325 நாவல்கள். அவற்றில் 282-ஐ எழுதியவர் வால்டர் கிப்சன். ஆனால், அட்டையில் இருந்ததோ மேக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயர்!

பேட்மேனுக்கு என்ன தொடர்பு?

1939-ல் வெளியான முதல் பேட்மேன் கதையே, 1936-ல் வந்த ஒரு ஷேடோ நாவலைத் தழுவியதுதான். கதையை எழுதிய பில் ஃபிங்கரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். 1973-ல் வந்த காமிக்ஸ் ஒன்றில், தன் முன்மாதிரி ஷேடோதான் என்று பேட்மேனே அவரிடம் சொல்வார்.

திரும்பக் கொண்டுவருவதில் என்ன சிக்கல்?

இதழ் 1949-ல் நின்றுபோனது. 1986-ல் ஹோவர்ட் சேக்கின், ஷேடோவை நிகழ்காலத்துக்கு இழுத்துவந்தார். பழைய ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். 2012-ல் டைனமைட் நிறுவனத்துக்காக எழுதிய கார்த் என்னிஸோ, அவரை 1930-களிலேயே உலவவிட்டார்.

எந்தக் காலத்தில் வைத்தாலும் ஒரு சங்கடம் உண்டு. இன்றைய வாசகருக்கு ஷேடோ, பேட்மேனின் காப்பி மாதிரிதான் தெரிவார். உண்மையில் ஒரிஜினல் யார் என்று நினைவூட்டுவதற்காகவாவது இந்த மறுவருகைகள் தேவைப்படுகின்றன.