இறங்கத் தெரிஞ்ச சைக்கிள், ஏறக் கத்துக்கிட்ட கதை

டவுன்ஹில் பைக்கா, ட்ரெய்ல் பைக்கா? ஒரு மாசமா எனக்கு இதே குழப்பம். பதில் 1976-ல இருக்கு.

கலிபோர்னியா, மரின் கவுண்டி. அக்டோபர் 21-ல முதல் ரீபேக் பந்தயம். சுமார் 400 மீட்டர் இறக்கம். கனமான பழைய ஷ்வின் சைக்கிள்கள். பெடலைப் பின்னாடி மிதிச்சாதான் பிரேக். அந்தச் சூட்டில் ஹப்பில் இருக்கும் கிரீஸே புகையாகிடும். இறங்கினதும் புதுசா அடைக்கணும். அதனால்தான் மலைப்பாதைக்கே 'ரீபேக்'னு பேர்.

சரி, மேலே எப்படிப் போனாங்க? பல நேரம் டிரக்கில்! கேரி ஃபிஷர் தன் சைக்கிளில் கியர் மாட்டினார். மிதிச்சே ஏற வழி கிடைச்சது. 1977-ல ஜோ பிரீஸ் மலைக்குன்னே புது ஃபிரேம் செய்தார்.

டவுன்ஹில் பைக் இன்னைக்கும் லிஃப்டையோ வண்டியையோ நம்பித்தான் இருக்கு. என்கிட்ட ரெண்டும் இல்ல. இருக்கிறது சேமிப்பும் ரெண்டு காலும்தான். அதனால, ட்ரெய்ல் பைக்!