பெயரறிதல் எனும் அமானிதம்
சிற்றுயிர்களை இனங்கண்ட வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

புதுச்சேரி நகரின் வடகோடியில், பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி முடியுமிடத்தில், கடலையொட்டி அமைந்துள்ளது குருசுக்குப்பம். மீனவப் பெருமக்கள் மிகுதியாக வாழும் அப்பகுதியில் என் நெடுநாள் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியிருக்கிறார். அவரைக் காணச் செல்லும்போதெல்லாம் காலை நேரத்தில் கூடைகளின் முன் சற்று நின்று பார்ப்பது என் வழக்கம். சூடை, சங்கரா, காரப்பொடி, நெத்திலி என்று அங்குள்ள பெண்கள் ஒரே பார்வையில் வகை பிரித்துப் போடும் வேகம் வியப்பூட்டும். செதிலின் நிறம், வாலின் பிளவு, வயிற்றின் கோடு ஆகியவற்றைக் கண் காணுமுன் கை அறிந்துவிடுகிறது. ஒரு பெயர் தவறினால் விலை தவறும் என்பதால் அங்கே எவரும் தவறுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அந்நண்பரின் மகன் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தான். ஒரு மருத்துவமனையில் குடற்காய்ச்சல் என்று கருதி ஒன்பது நாட்கள் மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் தணியவில்லை. பின்னர் வேறோர் இடத்தில் இளம் மருத்துவர் ஒருவர் உடல் முழுவதையும் பொறுமையாக ஆராய்ந்து, இடுப்பு மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்றைக் கண்டார். "உண்ணிக் காய்ச்சல்" என்றார். டாக்சிசைக்ளின் எனும் எளிய மருந்தால் இரண்டே நாட்களில் காய்ச்சல் இறங்கியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று முதல் அவ்வீட்டினர் நாயை விரட்டினர். ஆட்டுக்காரர் வீட்டுப் பக்கம் பிள்ளைகளை விடவில்லை. உண்மையில் அந்நோயைப் பரப்புவது நாயின் மீதோ ஆட்டின் மீதோ நாம் காணும் உண்ணியன்று. எலிகளின் மீதும் புதர்களிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சு அது. அச்சிறுவன் உறவினர் ஊரில் புதர் மண்டிய மேட்டில் விளையாடியதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பெயர் காட்டிய திசையிலேயே எல்லாரும் தேடினர்.

ஒரு பெயரின் பிழை எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதை எண்ணியபோது, சிற்றுயிர்களை இனங்காண மனிதர் மேற்கொண்ட நெடிய முயற்சியின் வரலாற்றைப் படிக்கும் ஆர்வம் எனக்கு எழுந்தது.

அரபு நூல்களில்

அரபு மொழியைக் கற்றோர் இத்துறையில் முதலில் நினைவுகூர்வது பஸராவின் ஜாஹிழை. ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869) மறைந்த அவர், தமது 'கிதாபுல் ஹயவான்' எனும் பெருநூலில் உயிர்களை நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என்று நான்காகப் பகுத்தார். இயக்கமே அவருக்கு அளவுகோல். யானையைப் பேசும் அதே கவனத்துடன் ஈயையும் கொசுவையும் எறும்பையும் அவர் பேசினார். திருக்குர்ஆனின் அத்தியாயங்கள் தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கி நிற்கும் மரபில் வளர்ந்தவருக்குச் சிற்றுயிர் இழிவாகத் தோன்றாதது இயல்பே.

அடுத்தவர் இமாம் கமாலுத்தீன் தமீரீ (ரஹ்). ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) கெய்ரோவில் மறைந்த இவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹ், இளமையில் தையல் தொழில் செய்தவர். பாட வகுப்பில் விலங்குகளின் பெயர்கள் குறித்து எழுந்த குழப்பமே 'ஹயாத்துல் ஹயவான்' எழுதத் தம்மைத் தூண்டியதாக முன்னுரையில் அவர் கூறுகிறார். ஆசிரியர் தொழிலில் இருப்போர் இதன் அருமையை உணர்வர். ஒவ்வோர் உயிருக்கும் பெயரின் எழுத்துக்கூட்டு, இயல்பு, அதை உண்பது பற்றிய சட்டம், பழமொழி, மருத்துவப் பயன், கனவுப் பலன் என வரிசையாகத் தருகிறார். ஓர் உயிரைச் சரியாக அறியாமல் அதுபற்றிய ஹுக்மைச் சொல்ல இயலாது என்பதே அந்நூலின் அடித்தளம்.

சட்ட அறிஞர்களிடமும் ஒரு பகுப்பு உண்டு. ஓடும் இரத்தம் உள்ளவை, இல்லாதவை என்பது அது. ஈ, கொசு, வண்டு, தேள் போன்றவை இரண்டாம் பிரிவில் அடங்கும். அவை தாமே நீரில் விழுந்து இறந்தால், நீரின் தன்மை மாறாதவரை அது அசுத்தமாவதில்லை என்பது நாம் மதரஸாவில் பயின்ற பாடம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் இரத்தமுள்ளவை, இல்லாதவை என்றே உயிர்களைப் பிரித்தார்.

அகராதி ஆசிரியர்களின் நுட்பம் இன்னும் வியப்புக்குரியது. உண்ணி மிகச் சிறியதாக இருக்கையில் கம்காமா, பின்னர் ஹம்னானா, அதன்பின் குராத், பருத்து முதிர்ந்ததும் ஹலமா என்று நான்கு பெயர்களை அவர்கள் பதிவு செய்துள்ளனர். ஒட்டகத்துடன் வாழ்ந்த மக்கள், ஒரே உயிர் பருவந்தோறும் உருமாறுவதை அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இன்றைய விலங்கியல் முழுவதும் நம் முன்னோர் நூல்களில் அடங்கியிருந்தது என்று மேடைகளில் பேசுவது வழக்கமாகிவிட்டது. தமீரீயின் நூல் அகரவரிசையில் அமைந்த கலைக்களஞ்சியம். உறவுமுறையில் அமைந்த வகைப்பாடு அன்று. அவரே தம் நூலுக்குக் கோராத சிறப்பை நாம் கற்பிப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

சோழமண்டலக் கரையில்

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பிலிருந்தே விலங்குகளுக்கான ஈருறுப்புப் பெயர்முறை கணக்கிடப்படுகிறது. குலப்பெயர் ஒன்று, சிறப்புப்பெயர் ஒன்று. உலகில் எம்மொழியினரும் அதனையே வழங்குவர். பூச்சிகளை அவர் சிறகுகளைக்கொண்டு வரிசைப்படுத்தினார். சிறகற்றவை என்ற பிரிவில் சிலந்தி, உண்ணி, நண்டு அனைத்தையும் சேர்த்துவிட்டார். எட்டுக்கால் உயிர்கள் தனி வகுப்பாகப் பிரிந்தது பின்னரே.

லின்னேயஸின் மாணவர் யோஹான் கேர்ஹார்ட் கேனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். 1774இல் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பணியில் இயற்கை ஆய்வாளராக அமர்ந்தார். முஸ்லிம் அரசவை ஒன்று தமிழ்நாட்டின் தாவரங்களையும் உயிர்களையும் ஆராய ஓர் அறிஞரை அமர்த்தியிருந்தது என்பது, வாலாஜாவின் கடன்களையும் போர்களையும் மட்டுமே படிக்கும் நமக்குப் புதுச் செய்தியாகும். கேனிக் எழுதிய கறையான் பற்றிய கட்டுரை 1779இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. கறையானியலின் தொடக்க நூல்களுள் அது ஒன்று.

தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பா சென்ற பூச்சிகள் பலவற்றுக்குப் பெயரிட்டவர் லின்னேயஸின் மற்றொரு மாணவரான ஃபப்ரீசியஸ். சிறகுக்கு மாறாக வாயுறுப்பை அளவுகோலாகக் கொண்ட அவர், ஏறத்தாழப் பத்தாயிரம் இனங்களுக்குப் பெயர் சூட்டினார். மாந்தோப்பில் இலைகளை இணைத்துக் கூடு கட்டும் முசுறுக்கு 1775இலும், கொம்புத்தேனீக்கு 1787இலும், மலைத்தேனீக்கு 1793இலும் பெயரிட்டவர் அவரே. அவருடைய இலத்தீன் நூல்களில் இனத்தின் வாழிடமாகத் தரங்கம்பாடி திரும்பத் திரும்ப வருகிறது. பிடித்துக் கொடுத்த நம்மூர்க் கைகளின் பெயர்களோ எங்கும் இல்லை.

பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுச்சேரிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பூச்சியியலாளரும் எழுத்தாளருமான மோரிஸ் மேந்த்ரோன் (1857–1911) 1901இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து சேகரித்தவை பாரிஸ் சென்றன. அவற்றுள் சிலந்தியினத்தைச் சேர்ந்தவற்றை எழேன் சிமோன் ஆராய்ந்து, பிரெஞ்சுப் பூச்சியியல் கழகத்தின் ஆண்டிதழில் புதிய இனங்களாக அறிவித்தார்.

கொசுவின் பாடம்

இருபதாம் நூற்றாண்டில் பெயரறிதல் உயிர்ப் பிரச்சினையாயிற்று. 1897இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டபின், எந்தக் கொசு என்ற கேள்வி பிறந்தது. எல்லாக் கொசுவும் மலேரியாவைப் பரப்புவதில்லை. அனோபிலிஸ் குலத்திலும் சிலவே பரப்பும்.

புதுச்சேரியில் 1975இல் தொடங்கப்பெற்ற நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் இத்துறையில் நமக்கு அண்மையில் உள்ள பெரும் நிறுவனம். 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் அது நடத்திய யானைக்கால் நோய்த் தடுப்புத் திட்டம், சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசுவின் இயல்பை அறிந்து, அது பிறக்குமிடத்திலேயே தடுக்க முயன்றது. நல்ல நீரில் பெருகும் கொசுவுக்கு வகுத்த வழி சாக்கடைக் கொசுவுக்கு உதவாது. ஆகவே இனமறிதல் முதல் வேலை.

நம் வாசகர் பலருக்கு உறவினர் ஊரான பரங்கிப்பேட்டையின் பெயரும் ஒரு கொசுவின் பெயரில் நிலைத்துள்ளது. மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் அறிஞர்கள் தெவாரி, ஹிரியன் ஆகியோர் 1992இல் புதிய இனமாக விவரித்த அக்கொசு, போர்ட்டோ நோவோ எனும் ஐரோப்பியப் பெயரையொட்டி 'போர்ட்டோநோவோயென்சிஸ்' எனப்படுகிறது.

இராமேசுவரத்தின் செய்தி இன்னும் ஆழமானது. அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்று 1901இல் பெயரிடப்பட்ட கொசு ஒரே இனமன்று, தோற்றத்தில் வேறுபாடற்ற பல இனங்களின் தொகுதி என்பது 1980 முதல் தெளிவாகத் தொடங்கியது. அவற்றுள் 'பி' எனப்பட்ட இனம் மலேரியாவைப் பரப்புவதில் வலுவற்றது. ஆனால் இராமேசுவரம் தீவிலோ மலேரியா நீங்கவில்லை. குரோமோசோம்களை ஆராய்ந்தபோது, 'பி' என்று கருதப்பட்டவற்றுள் நோய் பரப்பும் மற்றோர் இனம் மறைந்திருந்தது தெரியவந்தது. 1999இல் அது 'ஈ' என அறிவிக்கப்பட்டது. நூறாண்டுகளாகக் கண்முன் பறந்த கொசு அது.

கால்களின் கணக்கு

பூச்சிக்கு ஆறு கால், சிலந்தியினத்துக்கு எட்டு என்று பள்ளியில் கற்பிக்கிறோம். சிலந்திப்பேன்கள் இக்கணக்கைக் குழப்புபவை. அவற்றின் குஞ்சுக்கு ஆறு கால்களே உண்டு; வளர்ந்தபின்னரே எட்டாகும். நண்பரின் மகனைக் கடித்தது போன்றவை அந்த ஆறுகால் பருவத்தவை. அப்பருவத்தில் மட்டுமே அவை உயிர்களை ஒட்டி உண்ணும். இந்தியாவில் இந்நோயைப் பரப்புவதில் முதன்மையான இனத்துக்கு 'டெலியென்சே' என்பது சிறப்புப்பெயர். 1922இல் வால்ஹ் என்பவர் சுமத்ராவின் டெலிப் பகுதியிலிருந்து விவரித்ததால் வந்த பெயர். மேடான் நகரைச் சூழ்ந்த அந்த டெலியின் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். தமிழ் முஸ்லிம் வணிகரும் அங்கே குடியேறினர்.

தென்னை ஈரியோபைட் சிலந்திக்கோ நான்கே கால்கள். நீளம் மில்லிமீட்டரில் நான்கிலொரு பங்கு. மெக்ஸிகோவின் கெரேரோ மாநிலத்திலிருந்து 1965இல் கைஃபர் என்பவரால் விவரிக்கப்பட்ட இது, 1998இல் கேரளத்தில் காணப்பட்டு விரைவில் தமிழகத் தோப்புகளையும் பற்றியது. குரும்பையின் தொட்டுக்குள் மறைந்து வாழ்வதால், காய் சொரசொரத்துச் சுருங்கிய பின்னரே விவசாயி அறிந்தார். இன்ன இனம் என்று தெளிந்தபின்தான் பிற நாடுகளின் பட்டறிவு நமக்குப் பயன்பட்டது.

புதிய இனத்தை அறிவிக்கும் முறை நம் ஹதீஸ் கலையை நினைவூட்டுகிறது. சேகரித்தவர், இடம், நாள் ஆகியவை சீட்டில் எழுதப்பட வேண்டும். மூல மாதிரி ஒன்று காப்பகத்தில் நிரந்தரமாக இருக்க வேண்டும். விவரிப்பு அச்சேற வேண்டும். பின்வருவோர் ஐயுற்றால் அம்மாதிரியிடமே திரும்புவர். சீட்டில்லாத பூச்சி, இஸ்னாத் இல்லாத செய்தியைப் போன்றது. எவ்வளவு அழகாயினும் சான்றாகாது. 1916இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் பெட்டிகளில் இத்தகைய சான்றுகள் காக்கப்படுகின்றன. அவற்றைப் படிக்கும் பொறுமையுடைய மாணவர்களோ அரிதாகி வருகின்றனர். விரைவாகப் பயன் தரும் படிப்புகளையே நம் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கிறோம்.

ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் முதலில் கற்பித்தது பெயர்களை என்று நம்புகிறவர்கள் நாம். பெயரறிதல் நமக்கு ஓர் அமானிதம். ஜாஹிழ் இயக்கத்தால் பகுத்தார், ஃபுகஹாக்கள் இரத்தத்தால், லின்னேயஸ் சிறகால், ஃபப்ரீசியஸ் வாயால், இன்றையோர் குரோமோசோமால். அளவுகோல்கள் மாறின, பொருளை உற்றுநோக்கிய பின்னரே பெயரைச் சொல்வது என்ற ஒழுக்கம் மாறவில்லை.

குருசுக்குப்பத்து நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டவர், "அப்படியானால் அந்தக் காய்ச்சலை என்னவென்று சொல்வது?" என்றார். புதர்ச் சிலந்திப்பேன் காய்ச்சல் என்றேன். நீண்ட பெயர்தான். ஆனால் அதைக் கேட்கும் தாய், நாயை விரட்டமாட்டாள். புதரில் விளையாடி வந்த பிள்ளையின் இடுப்பைப் பார்ப்பாள்.