நெல் மறுக்கப்பட்ட கோட்டை: 1760-61 புதுச்சேரி முற்றுகையில் கடலூர், சிதம்பரம் வட்டாரம்

1761 ஜனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்ததை அயர் கூட்டின் படைத்திறனுக்குக் கிடைத்த வெற்றியாகவே வரலாற்று நூல்கள் பெரிதும் பதிவுசெய்துள்ளன. ஆயின் கோட்டை மதில் உடைக்கப்படுவதற்கு நெடுநாள் முன்பே, அதற்குச் சோறிட்ட நாடு அதனிடமிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. அப்பிரிவினை நிகழ்ந்த களம் பெரும்பாலும் இன்றைய கடலூர் மாவட்டமே.

கடல்வழி முதலில் அடைபட்டது. 1759 செப்டம்பர் 10ஆம் நாள் பரங்கிப்பேட்டைக்கு அப்பால் நடந்த கடற்போருக்குப் பின், தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படை மொரீசியசுக்குச் சென்றது, பின்னர் திரும்பவேயில்லை. 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் லாலி தோற்றபின் நிலவழியும் குறுகியது. ஏப்ரல் மாதத்தில் காரைக்கால், கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகியவை அடுத்தடுத்து ஆங்கிலேயர் வசமாயின. இவற்றுள் எதுவும் பெருங்கோட்டை அன்று. எனினும் விருத்தாசலத்திற்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட கம்மாபுரம் போன்ற ஊர்ப்பகுதிகளின் நெல்லும் நிலவரியும் இனிப் புதுச்சேரிக்குப் போய்ச் சேரா என்பதே அவற்றின் வீழ்ச்சியின் பொருள். படைவீரர்க்குச் சம்பளம் தர இயலாது முன்பே தவித்த லாலிக்கு உணவிழப்பும் வருவாயிழப்பும் ஒருசேர வந்தன.

தடையை உடைக்க லாலி மைசூரின் ஐதர் அலியை நாடினார். தியாகதுருகம் கோட்டையை விலையாகக் கொடுத்துக் குதிரைப்படையும் தானியமும் மாடுகளும் பெற உடன்படிக்கை செய்துகொண்டார். ஜூலையில் திருவதிகை அருகே மைசூர்ப் படை ஆங்கிலேயப் பிரிவொன்றைத் தோற்கடித்தது. ஆனால் நகருக்குள் வந்த உணவு நீண்டநாள் தாங்கவில்லை. ஐதருக்கு மைசூரிலேயே நெருக்கடி எழ, அப்படையும் விலகியது. செப்டம்பரில் நகரைச் சூழ்ந்த முட்செடிக் காவல்வேலியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

தடையின் சுமை யார்மீது விழுந்தது என்பதை நவம்பர் இறுதியில் நடந்தது காட்டுகிறது. படைவீரர்க்குரிய தானியத்தைக் காக்க, நகரிலிருந்த இந்தியக் குடிமக்கள் ஏறத்தாழ 1,400 பேரை லாலி வெளியேற்றினார். அவர்கள் கடந்துசெல்ல ஆங்கிலேயரும் இடந்தரவில்லை. உண்போர் தொகை குறைந்தால் முற்றுகை நீளும் என்பது அவர்தம் கணக்கு. கோட்டைக்குத் திரும்பியவர்கள் சுடப்பட்டனர். எட்டு நாட்கள் இரு படைகளுக்கும் இடையே புல்லின் வேரைத் தின்று கிடந்த பின்னரே கூட் வழிவிட்டார். இச்செய்தியை ஆங்கிலேய வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்மே மறைக்காது எழுதியுள்ளார். எதிரியை வருத்தவென விதித்த தடை, போரில் பங்கில்லாதவரைத் தின்றது. கட்டளையிட்டவரோ மேலும் ஏழு வாரம் தாக்குப்பிடித்தார்.

1761 புத்தாண்டு நாளின் பெரும்புயல் ஆங்கிலேயக் கப்பல்கள் பலவற்றை அழித்தபோது மீட்சி கிட்டும்போல் தோன்றியது. உணவு அனுப்புமாறு பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சு முகவருக்கு லாலி விரைந்து எழுதிய மடல் எதிரியின் கையில் சிக்கியது. கடற்படைத் தலைவர் ஸ்டீவன்ஸோ, புதுச்சேரிக்கு உணவேற்றிவரும் கலம் எதுவாயினும் கைப்பற்றப்படும் என டச்சு, டேனியக் குடியிருப்புகளை எச்சரித்தார். போரில் சேராத மூன்றாம் தரப்பையும் பிணைக்கும் இன்றைய பொருளாதாரத் தடையின் இயல்பு இதில் தெளிவாகவே உள்ளது. சில நாட்களில் கடல் முற்றுகை மீண்டும் இறுகியது.

யானை, ஒட்டகம், குதிரை, நாய் என யாவும் உணவாகித் தீர்ந்து, களஞ்சியம் ஏறத்தாழ வெறுமையான பின்னரே லாலி பணிந்தார். 1736 முதல் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பும் அதே ஜனவரியில் நின்றுபோகிறது. அம்மாதத்திலேயே அவர் காலமானார்.