விலையும் விரல்களும்



கணினியில் தமிழ் எழுத, மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு, பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்து விற்பனைக்கும் வந்தது. 2000ஆம் ஆண்டுகளில் ‘எ-கலப்பை’ இலவசமாகக் கிடைத்தது. மெர்சிங் போன்ற சிற்றூரில் தமிழ்த் தட்டச்சுக்கெனப் பணம் செலவிட எத்தனை பேர் முன்வருவர்? நானும் கலப்பையையே பிடித்தேன்.

வேடிக்கை என்னவெனில், கலப்பைக்குள்ளும் நம் அஞ்சல் விசைமுறை இருந்தது! ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டினால் தமிழ் தோன்றும். விலை பார்த்து மென்பொருளை மாற்றினோம். தட்டும் முறையை மாற்றவில்லை. 1999இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைமுறையும் அதே கலப்பையில் இலவசமாகவே இருந்தது. எனினும், அஞ்சலில் பழகிய பலர் அதன்பக்கம் திரும்பவில்லை. புதிதாகப் பழகச் செலவாகும் நாள்களும் ஒரு விலைதானே?

மாணவர்களின் விரல்கள் இன்னும் எதற்கும் பழகவில்லை. ஆகவே, அவர்களுக்குத் தமிழ்99ஐயே கற்பிக்கிறேன். ‘அ’வுக்கு ஒரு விசை, ‘க’வுக்கு ஒரு விசை, ஆங்கில ஒலியைத் தேடவேண்டியதில்லை.