புத்தகங்களுக்கு ஒரு வீடு

கோயில் வாசலிலா, வெளியே நில்லு. கிணத்தடியிலா, தள்ளி நில்லு. பள்ளிக்கூடத்திலா, ஓரமா உட்காரு. நம் சனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட பாடம் இது. எழுத்தைத் தடுக்க நினைத்தவர்கள் முதலில் இடத்தைத்தான் தடுத்தார்கள். அதனால்தான் பம்பாய்க் கோட்டைப் பகுதியிலிருக்கும் சித்தார்த்தா கல்லூரி நூலகத்தின் கதையைப் புத்தக எண்ணிக்கையிலிருந்து தொடங்க முடியாது. உட்கார இடமில்லாத ஒரு சிறுவனிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாத்தாரா பள்ளியில் பீமராவ், வீட்டிலிருந்து எடுத்துப்போன சாக்குத்துணியில் தனியாக உட்கார்ந்தார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வரலேன்னா தண்ணியில்லை. பின்னர் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டபோது அந்தக் கதவும் சாத்தப்பட்டது. பாரசீகம் படித்தார்.

1913இல் நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். அங்கே நூலகத்தில் யாரும் சாதி கேட்கவில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பழைய புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார். 1917இல் லண்டனிலிருந்து திரும்பியபோது அவருடைய பெட்டிகள் வேறு கப்பலில் வந்தன. உலகப்போர் நடந்த நேரம். டார்பிடோ தாக்கி அந்தக் கப்பல் மூழ்கியது. நஷ்டஈடாக 600 ரூபாய் கிடைத்தது. குடும்பத்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பரோடா சமஸ்தான வேலைக்குப் புறப்பட்டார்.

பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி பெயரைச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினொன்றாம் நாள் காலை ஒரு டஜன் பேர் தடிகளோடு மாடியேறி வந்து, யார் நீ என்று கேட்டு மிரட்டினார்கள். அன்றே காலி செய்யச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்: நூலகத்திலிருந்து இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

தோழர்களே, இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நூலகத்தில் அந்த மனிதருக்குப் புத்தகம் கிடைக்கிறது. அதை வைத்துப் படிக்க ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை. படிச்சா சாதி போயிடும்னு நமக்கு இன்னிக்கும் புத்தி சொல்றவங்க இருக்காங்க. கொலம்பியாவில் படித்தவரின் கதி இதுதான்.

புத்தகத்துக்கும் வாசகனுக்கும் சேர்த்தே வீடு கட்ட வேண்டும் என்று அம்பேத்கர் செயலில் காட்டினார். 1930களின் தொடக்கத்தில் தாதர் இந்து காலனியில் 'ராஜகிருகம்' எழுந்தது. புத்தகங்களை மனதில் வைத்தே அந்த வீட்டைத் திட்டமிட்டார். 1945 ஜூலை 8இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946 ஜூன் 20இல் சித்தார்த்தா கல்லூரி பிறந்தது. முதலில் சொந்தக் கட்டடம் இல்லை, பட்டாளத்துக்குப் போட்ட கொட்டகைகளில்தான் வகுப்புகள். வேலைக்குப் போகிறவனும் படிக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே பாடம் தொடங்கினார்கள். சமஸ்கிருத அறிஞர் கஜேந்திரகட்கர் கல்லூரி முதல்வராக இருந்தார். எந்த மொழியை இவருக்குச் சொல்லித்தர மறுத்தார்களோ, அந்த மொழியின் பண்டிதர் இவர் தொடங்கிய கல்லூரியில்!

பிறகு கல்லூரி ஹார்ன்பி சாலைக்கு வந்தது. இன்று அது தாதாபாய் நவ்ரோஜி சாலை. வெள்ளைக்காரக் கவர்னர் பெயரில் இருந்த, வங்கிகளும் கம்பெனிகளும் நிறைந்த அந்தத் தெருவில் கட்டடங்களுக்கு 'புத்த பவன்', 'ஆனந்த பவன்' என்று பெயர். ஆனந்தர் யார்? புத்தரின் பேச்சையெல்லாம் நினைவில் வைத்திருந்து சங்கத்துக்கு ஒப்புவித்தவர் என்று பௌத்த மரபு சொல்கிறது. நூலகம் செய்வதும் அந்த வேலையைத்தானே.

அம்பேத்கர் சேர்த்த புத்தகங்களில் பெரும்பகுதி இந்தக் கல்லூரி நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. நூலகர் எஸ்.எஸ். ரெகே அவரோடு நெருங்கிப் பழகியவர். அம்பேத்கர் 1956 டிசம்பர் 6இல் மறைந்தபின், 'புத்தரும் அவர் தம்மமும்' 1957இல் சித்தார்த்தா கல்லூரி வெளியீடாகவே வந்தது. தன் ஆசிரியர் ஜான் டூயி எழுதிய 'ஜனநாயகமும் கல்வியும்' நூலில் அம்பேத்கர் பென்சிலால் கோடு போட்ட பிரதியை ஆய்வாளர்கள் இங்கே பார்த்திருக்கிறார்கள். எந்த வரியில் அவர் நின்றார், எதைத் தாண்டிப் போனார் என்பதற்கு அந்தக் கோடுகள்தான் சாட்சி. அச்சில் வந்த நூலை வேறெங்கும் வாங்கலாம், அந்தக் கோட்டை வாங்க முடியுமா?

இந்தக் கல்வி நிலையங்களிலிருந்து கலகமும் வந்தது. வடாலாவில் கழகம் நடத்திய சித்தார்த்த விகார் விடுதி, 1972இல் உருவான தலித் பேந்தர்களின் கூடுமிடம். ஔரங்காபாத்தில் 1950இல் தொடங்கிய மிலிந்த் கல்லூரி, மராத்தி தலித் இலக்கியத்தின் நாற்றங்கால். விடுதியும் வகுப்பறையும் நூலகமும் சேர்ந்து கிடைத்ததால்தான் இது நடந்தது.

எதிரிக்கும் இது தெரியும். 2020 ஜூலை 7இல் ராஜகிருகத்தில் புகுந்து கண்ணாடியையும் பூந்தொட்டிகளையும் உடைத்தார்கள். கொதித்தோம், சரி. ஆனால் பம்பாயின் ஈரக்காற்றுக்கும் கரையானுக்கும் எதிராக யார் ஊர்வலம் போவது? சிலை உடைந்தால் அன்றைக்கே தெரியும். தாள் உதிர்ந்தால் சத்தம் கேக்காது. சிலைக்கு நிதி திரட்டுகிற நாம், புத்தகத்தைப் பிணைக்கவும் படமெடுத்து வைக்கவும் எவ்வளவு திரட்டியிருக்கிறோம்?

நம்ம சேரிகளிலும் அம்பேத்கர் படிப்பகம் என்று பலகை தொங்குகிறது. பல இடத்தில் உள்ளே ஒரு கேரம் போர்டும் பழைய பேப்பரும்தான். பலகை வைத்ததை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பலகைக்குக் கீழே ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு, பத்து புத்தகம், அதைப் பூட்டாமல் திறந்து வைக்க ஓர் ஆள்: இவ்வளவையாவது இந்த வருசம் செய்வோம். சாக்குத்துணியில் உட்கார்ந்த பிள்ளைக்கு நாம் போட வேண்டிய நாற்காலி அது.