மதுரை கற்றுத்தந்த கண்ணீர்

தமிழ்ப் பேசும்படம் 1931-இல் 'காளிதாஸ்' வழியாகப் பிறந்தது. எனினும், திரைக்காதலர் பாடிய பாட்டும் வடித்த கண்ணீரும் அதற்கு முன்பே மதுரை மேடைகளில் பயிலப்பெற்றவை.

1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தோற்றுவித்தார். அங்கே சிறுவர்களே தலைவனாகவும் தலைவியாகவும் வேடம் புனைந்தனர். காதல் இன்னதென்று அறியாத பருவத்தினர் பிரிவுத் துயரைப் பாடிப் பெரியோரை அழவைத்தனர். குரல் உடைந்ததும் பலருக்கு அவ்வாழ்வு முடிந்தது. நாடகம் தந்த இன்பத்தை நினைக்கும் நாம், அப்பிள்ளைகள் இழந்ததையும் நினைக்க வேண்டும்.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி. யு. சின்னப்பா, 1942-இல் வெளிவந்த 'கண்ணகி'யில் கோவலனாக நடித்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட பி. கண்ணாம்பா கண்ணகியானார். உரையாடல் இளங்கோவனுடையது. 1937-இல் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'க்கும் அவரே எழுதியிருந்தார். அதுவரை பாட்டே ஆண்ட திரையில், அவர் எழுத்தால் உரைநடைக்கும் மதிப்பு வந்தது.

இரு கதைகளிலும் தலைவனின் உயிரைப் பறிப்பது அரசனின் ஆணையே என்பது சிந்திக்கத்தக்கது. ஆகவே, நம் முன்னோர் காதலுக்காக மட்டும் அழவில்லை; மறுக்கப்பட்ட நீதிக்காகவும் அழுதனர். தம் நகரமே தீப்பற்றி எரியும் கதையில்கூட மதுரை மக்களின் நெஞ்சம் அரண்மனையின் பக்கம் சாயவில்லை. கையில் ஒற்றைச் சிலம்புடன் நின்றவளின் பக்கமே சாய்ந்தது. யாருக்காக அழுகிறோம் என்பதில்தான் நம் அறமும் வெளிப்படுகிறது.